ப்ரீ டயபடீஸ் என்று ரிப்போர்ட்டில் வந்தால் நடந்தே தடுத்துவிட முடியுமா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம்: வயது 41, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை, பார்க்க ஒல்லி, இடுப்பளவு மட்டும் 94 சென்டிமீட்டர். ஆபீசில் நடந்த செக்கப்பில் வெறும் வயிற்றில் பார்க்கும் ஃபாஸ்டிங் சுகர் 104, கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.9. ரிப்போர்ட்டில் "ப்ரீ டயபடீஸ்", அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை நோய். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நண்பர், இப்போதே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஆரம்பித்துவிடு என்கிறார். வீட்டிலோ, பரம்பரையில் இருக்கிறது, என்ன செய்தாலும் வந்தே தீரும் என்கிறார்கள். 74 வயது அம்மாவுக்கும் எச்பிஏ1சி 5.9. நடந்தால் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லை டாக்டர்கள் பழக்கத்தில் சொல்கிற வார்த்தையா என்று கேட்டிருக்கிறார்.

ஆதாரம் இருக்கிறது, அதுவும் வலுவான ஆதாரம். ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு நடையும் சாப்பாட்டு மாற்றமும் கொடுத்து, இன்னொரு பகுதியை வழக்கம்போல விட்டு, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் பல உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்று சென்னையில் நடந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற இரண்டு டெஸ்டுகளை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. வேறொரு டெஸ்டை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். உங்களிடம் நான் சொல்ல விரும்புவதே அந்த டெஸ்டைப் பற்றித்தான். அதற்கு முன்னால் ஆய்வுகளைப் பார்த்துவிடுவோம்.

முதல் பெரிய ஆய்வு சீனாவின் எண்ணெய் நகரமான தாச்சிங்கில் 1986-ல் தொடங்கியது. ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, அதிலிருந்து 577 பேரை எடுத்தார்கள். இவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை. ஆனால் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. 33 கிளினிக்குகளை நான்காகப் பிரித்தார்கள்: ஒன்றும் செய்யாத குழு, உணவு, உடற்பயிற்சி, இரண்டும் சேர்ந்தது. ஆறு வருஷ முடிவில் ஒன்றும் செய்யாத குழுவில் 67.7 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. மற்ற மூன்று குழுக்களிலும் 41-லிருந்து 46 சதவீதத்துக்குள்.

தாச்சிங் ஆய்வை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் ஆறு வருஷ முடிவு மட்டும் இல்லை. அதே ஆட்களை முப்பது வருஷம் விடாமல் பின்தொடர்ந்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி கொடுத்தது ஆறு வருஷம்தான். அதற்கப்புறம் யாரும் அவர்களை நடக்கச் சொல்லவில்லை. அப்படியிருந்தும் சர்க்கரை நோய் வருவது ஏறக்குறைய நான்கு வருஷம் தள்ளிப்போயிருந்தது. இதய நோயால் ஏற்படும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைத் தாக்கும் சிக்கல்களும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருந்தன. ஆயுள் சராசரியாக ஒன்றரை வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடியிருந்தது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருபது வருஷக் கணக்கைப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்களிலும் 80 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பெறாதவர்களில் 93 சதவீதம். அதாவது பலருக்கு நடந்தது தள்ளிப்போடல், முழுத் தடுப்பு இல்லை. "அப்படியென்றால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்கள் உண்டு. சர்க்கரை நோயின் சேதம் வருஷக் கணக்கில் சேருவது. 45 வயதில் வருவதற்கும் 50 வயதில் வருவதற்கும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் வித்தியாசம் தெரியும். அந்த முப்பது வருஷ மரணக் கணக்கு சொல்வதும் அதைத்தான். தள்ளிப்போடுவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

தாச்சிங்குக்கு அப்புறம் பின்லாந்திலும் அமெரிக்காவிலும் இதே கேள்வியை இன்னும் கறாரான முறையில் சோதித்தார்கள். பின்லாந்து ஆய்வில் 522 பேர், முடிவு 2001-ல் வந்தது. அமெரிக்க ஆய்வில் 27 மையங்களில் 3,234 பேர், முடிவு 2002-ல். இரண்டிலும் சர்க்கரை நோய் வரும் வேகம் 58 சதவீதம் குறைந்தது. அமெரிக்க ஆய்வில் மெட்ஃபார்மின் கொடுத்த குழுவில் 31 சதவீதம் குறைந்தது. நடையும் உணவும் மாத்திரையை விட நன்றாக வேலை செய்கின்றன என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது இதை வைத்துத்தான்.

நம் ஊருக்கு இந்தச் செய்தி அப்படியே பொருந்துமா? அமெரிக்க ஆய்வில் இருந்தவர்களின் சராசரி பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு, 34. நல்ல பருமன். அவர்களுக்கு வைத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிஷம் நடக்க வேண்டும். பயிற்சியாளர் ஒருவர் தனியாக உட்கார்ந்து முதல் ஆறு மாதத்தில் 16 வகுப்பு எடுத்தார். உங்களைப் போல ஒல்லியாக, கொஞ்சம் தொப்பையோடு இருக்கிற ஒருவருக்கு 7 சதவீதம் எடையைக் குறை என்று சொன்னால் எதைக் குறைப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் தந்தது சென்னை ஆய்வு. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு அது. 2006-ல் வெளிவந்தது. 531 பேர், சராசரி வயது 46, சராசரி பி.எம்.ஐ. 25.8. பெரும்பாலும் வேலைக்குப் போகிற நடுத்தர வர்க்கத்து ஆட்கள். நான்கு குழுக்கள்: வழக்கமான அறிவுரை மட்டும், வாழ்க்கைமுறை மாற்றம், மெட்ஃபார்மின், இரண்டும் சேர்ந்தது. வாழ்க்கைமுறை மாற்றம் என்றால் ஜிம் எல்லாம் இல்லை. தினமும் அரை மணி நேரம் வேக நடை, மாவுச்சத்தையும் எண்ணெயையும் இனிப்பையும் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது, அவ்வளவுதான். ஏற்கெனவே உடலுழைப்பு வேலை செய்கிறவர்களிடம் அதையே தொடருங்கள் என்றார்கள். மாதம் ஒரு முறை போன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை நேரில் சந்திப்பு.

மூன்று வருஷ முடிவில், அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. வாழ்க்கைமுறைக் குழுவில் 39.3, மெட்ஃபார்மின் குழுவில் 40.5, இரண்டும் சேர்ந்ததில் 39.5.

இந்த நான்கு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதலில் அந்த 55. அமெரிக்க ஆய்வில் மாத்திரையும் பயிற்சியும் இல்லாத குழுவில் மூன்று வருஷத்தில் சர்க்கரை நோய் வந்தவர்கள் 29 சதவீதம்தான். அவர்கள் நம்மவர்களை விட எவ்வளவோ பருமனானவர்கள், வயதும் கூட. சேர்க்கும் விதிமுறைகள் இரண்டு ஆய்விலும் ஒன்றே இல்லை என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் நம்மவர்கள் இந்தப் படியிலிருந்து அடுத்த படிக்கு வேகமாக இறங்குகிறார்கள் என்பது மற்ற ஆய்வுகளிலும் தெரிகிற விஷயம். சென்னையில் நடந்த இன்னொரு நீண்ட ஆய்வில், ப்ரீ டயபடீஸ் இருந்தவர்களில் பாதிக்கும் மேலானோருக்குப் பத்து வருஷத்துக்குள் சர்க்கரை நோய் வந்தது. இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களின் திறன் நம்மிடம் சீக்கிரம் குறைவதும், வெளியில் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேருவதும் இதற்குக் காரணம் என்கிறார்கள். "நான் ஒல்லி, எனக்கு எப்படி?" என்று நீங்கள் எழுதியிருக்கவில்லை, ஆனால் நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர்களுக்கான பதிலும் இதுதான்.

இரண்டாவது, சென்னை ஆய்வில் எந்தக் குழுவிலும் சராசரி எடை குறிப்பிடும்படி குறையவில்லை. எடை குறையாமலேயே நோய் குறைந்தது. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இரண்டு மாதம் நடந்துவிட்டு, மெஷினில் ஏறி நின்று பார்த்து, "ஒரு கிலோகூட இறங்கவில்லை, வேஸ்ட்" என்று விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தசை, ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் திறன் நடையால் கூடுகிறது. அது எடை மெஷினில் தெரியாது. தொப்பை இருப்பவர்கள் எடையைக் குறைத்தால் இன்னும் நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் எடை இறங்காததை மட்டும் காரணமாக வைத்து நடையை நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது, 55 சதவீதம் 39 ஆனதை வைத்து "28 சதவீதம் குறைந்தது" என்று ஒரு கட்டுரையில் படித்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது. நூறு பேர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் மூன்று வருஷத்தில் 55 பேருக்கு நோய் வரும். நூறு பேரும் ஆய்வில் சொன்னபடி செய்தால் 39 பேருக்கு வரும். 16 பேர் தப்பித்தார்கள். 39 பேர் செய்தும் தப்பிக்கவில்லை. மீதி 45 பேருக்கு எப்படியும் அந்த மூன்று வருஷத்தில் வந்திருக்காது. ஆறு ஏழு பேர் ஒழுங்காகச் செய்தால் மூன்று வருஷத்தில் ஒருவருக்கு நோய் தவிர்க்கப்படுகிறது. மருத்துவத்தில் இது மிக நல்ல கணக்கு. ஆனால் நாளை உங்களுக்குச் சர்க்கரை நோய் வந்தால் "நான் சரியாக நடக்கவில்லை போலிருக்கிறது" என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது. வீட்டில் யாராவது அப்படிக் குத்திக்காட்டினால் இந்த 39 பேரைச் சொல்லுங்கள்.

நான்காவது, நடையோடு மாத்திரையையும் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை. மாத்திரையைப் பற்றித் தனியாகப் பிறகு பார்ப்போம்.

இப்போது அந்த டெஸ்ட் விஷயம். ப்ரீ டயபடீஸ் என்ற பெயர் மூன்று வெவ்வேறு வாசல் வழியாக ஒருவருக்குக் கிடைக்கலாம். ஃபாஸ்டிங் 100-லிருந்து 125 வரை. உலக சுகாதார நிறுவனம் இதையே 110-லிருந்துதான் கணக்கில் எடுக்கிறது, எனவே உங்கள் 104 ஒரு கணக்கில் உள்ளே, இன்னொரு கணக்கில் வெளியே. இரண்டாவது, எச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 வரை. மூன்றாவது, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-லிருந்து 199 வரை. மூன்றும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை. ஒன்றில் சிக்குகிறவர் மற்றதில் சுத்தமாக இருப்பது சகஜம். நான் மேலே சொன்ன நான்கு பெரிய ஆய்வுகளிலும் ஆட்களைச் சேர்த்தது மூன்றாவது வாசல் வழியாக.

அதனால் என்ன என்று கேட்கலாம். சென்னையில் நடந்து 2016-ல் வெளிவந்த டி-கிளிப் என்ற ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. டாக்டர் வி. மோகன் குழுவினரும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தியது. 578 பேர். இதில் ஃபாஸ்டிங் மட்டும் கூடியவர்களையும் சேர்த்தார்கள். முதலில் வாழ்க்கைமுறை வகுப்புகள், அது போதாமல் சர்க்கரை ஏறினால் மெட்ஃபார்மின். மொத்தத்தில் நோய் 32 சதவீதம் குறைந்தது. பிரித்துப் பார்த்தால், குளுக்கோஸ் டெஸ்டில் கூடியிருந்தவர்களுக்கு 30 சதவீதத்துக்கு மேல் பலன், ஃபாஸ்டிங் மட்டும் கூடியிருந்தவர்களுக்கு 12 சதவீதம்தான். கேரளத்தில் நெய்யாற்றின்கரை தாலுக்காவில் 1,007 பேரிடம் நடந்த ஆய்வும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஊர்க்காரர்களையே குழுத்தலைவர்களாக வைத்து நடத்திய அருமையான திட்டம். அதில் ரத்த டெஸ்டுக்கு முன்னால் ரிஸ்க் மதிப்பெண்ணை வைத்து ஆட்களைச் சேர்த்ததால், குளுக்கோஸ் டெஸ்டில் குறையே இல்லாதவர்கள் நிறைய இருந்தார்கள். இரண்டு வருஷ முடிவில் 17.1-க்கு 14.9 சதவீதம். உறுதியாகப் பலன் என்று சொல்ல முடியாத வித்தியாசம். புகையும் குடியும் குறைந்தன, காய்கறி கூடியது, அதெல்லாம் நல்லது. சர்க்கரை நோய் குறைந்தது என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

உடலியல் காரணமும் புரியும்படிதான் இருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை கூடுவது பெரும்பாலும் ராத்திரி முழுக்கக் கல்லீரல் சர்க்கரையை விடுவதால். குளுக்கோஸ் குடித்த பிறகு இறங்காமல் நிற்பது பெரும்பாலும் தசை வாங்கிக்கொள்ளாததால். நடை நேரடியாகத் தொடுவது தசையை.

எனவே உங்களுக்கு என் முதல் யோசனை: அந்த மூன்றாவது டெஸ்டைச் செய்துகொள்ளுங்கள். லேபில் ஜி.டி.டி. என்று கேட்டால் தெரியும். கர்ப்பிணிகளுக்குச் செய்வார்களே, அதே குளுக்கோஸ் தண்ணீர்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும். ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிஷத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று நாள் வழக்கம்போலச் சாப்பிட்டிருக்க வேண்டும். டெஸ்டுக்காகச் சோற்றைக் குறைத்துவிட்டுப் போனால் முடிவு தப்பாக வரும். ஃபாஸ்டிங் மட்டும் பார்க்கிற நம் செக்கப் வழக்கத்தில் எத்தனையோ பேர் "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். நம் ஊரில் நோய் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் சாப்பிட்ட பிறகான அளவில். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். செலவு அதிகமில்லாத டெஸ்ட், இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்தால் விட்டுப்போகிறது.

அப்படியே ரத்தசோகை இருக்கிறதா என்றும் பாருங்கள். இரும்புச் சத்து குறைந்திருந்தால் எச்பிஏ1சி நிஜத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். பெண்களிடம் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

பரம்பரை விஷயத்துக்கு வருகிறேன். பரம்பரை உண்மைதான். சென்னையில் உருவாக்கிய இந்திய நீரிழிவு ரிஸ்க் மதிப்பெண்ணில் அதற்கும் இடம் உண்டு. உங்களுக்கே போட்டுப் பார்ப்போம். வயது 35-லிருந்து 49-க்குள், 20. ஆண்களுக்கு இடுப்பு 90-லிருந்து 99 சென்டிமீட்டர், 10. பெற்றோரில் ஒருவருக்கு நோய், 10. உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலை, 30. மொத்தம் 70. அறுபதைத் தொட்டாலே அதிக ரிஸ்க். ஆனால் இந்த எழுபதில் அப்பா கொடுத்தது பத்து, நாற்காலி கொடுத்தது முப்பது. மாற்றக்கூடியது எது என்று இதிலேயே தெரிகிறது.

மரபணு அளவிலும் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோயோடு வலுவாகத் தொடர்புள்ள டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவை அமெரிக்க ஆய்வில் இருந்தவர்களிடம் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ரிஸ்க் கூடிய வடிவத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் வாங்கியவர்களுக்கு நோய் வரும் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. ஆனால் வாழ்க்கைமுறைக் குழுவில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. "ரத்தத்தில் இருக்கிறது, அதனால் செய்து பயனில்லை" என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியவில்லை.

சரி, மெட்ஃபார்மின். உங்கள் நண்பர் சொன்னதில் முழுத் தவறு இல்லை. அது பழைய மருந்து, விலை மலிவு, நன்கு அறிந்த மருந்து. சென்னை ஆய்வில் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் என்ற சின்ன அளவே நடைக்குச் சமமான பலனைத் தந்தது. அமெரிக்காவில் 1,700 மில்லிகிராம் கொடுத்தார்கள். அங்கே அதிக பருமன் உள்ளவர்களுக்கும், கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்கும் நன்றாக வேலை செய்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பலன் மிகக் குறைவு. மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி டெஸ்ட் செய்தபோது பலன் 31-லிருந்து 25 சதவீதமாகக் குறைந்தது. அதாவது ஒரு பகுதி, மருந்து சர்க்கரையை மறைத்ததால் தெரிந்த பலன். பல வருஷம் எடுத்தால் உடலில் வைட்டமின் பி12 குறையலாம். சைவமாகச் சாப்பிடுகிறவர்கள் அதை மறக்கக் கூடாது.

உங்கள் நிலையில், ஃபாஸ்டிங் 104, எச்பிஏ1சி 5.9 என்ற அளவில், இன்றே மாத்திரை தேவை என்று ஆய்வுகள் சொல்லவில்லை. ஜி.டி.டி.யில் இரண்டு மணி நேர அளவு 140-ஐத் தாண்டினால் ஆறு மாதம் முறையாக நடையையும் உணவையும் பிடித்துப் பாருங்கள். அதற்கும் ஏறிக்கொண்டே போனால் டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள். அது தோல்வி இல்லை. டி-கிளிப் ஆய்வில் வாழ்க்கைமுறைக் குழுவில் இருந்தவர்களிலேயே 72 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் மெட்ஃபார்மின் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேர அளவு 200-ஐத் தாண்டினால் அது ப்ரீ டயபடீஸே இல்லை. டெஸ்டை உறுதி செய்துகொண்டு சிகிச்சை தொடங்க வேண்டும்.

வேறு மருந்துகளைப் பற்றி ஒரு வரி. பயோகிளிட்டசோன் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையை வாழ்க்கைமுறையோடு சேர்த்துப் பார்த்த இரண்டாவது சென்னை ஆய்வில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. வைட்டமின் டி மாத்திரையை 2,423 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வின் முடிவும் 2019-ல் உறுதியான பலன் இல்லை என்றே வந்தது.

சாப்பாடு. அரிசியை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். 21 நாடுகளில் 1,32,000 பேருக்கு மேல் பின்தொடர்ந்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், தெற்காசியாவில் ஒரு நாளைக்கு 450 கிராமோ அதற்கு மேலோ சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களை விட ரிஸ்க் 61 சதவீதம் கூடுதல். இது கவனித்துப் பார்த்த ஆய்வு, குலுக்கல் ஆய்வு இல்லை. சோறு அதிகம் சாப்பிடுகிறவர் பருப்பும் காயும் குறைவாகச் சாப்பிடுகிறவராக இருக்கலாம், அந்தச் சிக்கல் இதில் உண்டு. ஆனாலும் திசை தெளிவு. மதியம் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கூட்டு, பொரியல், சுண்டல், முட்டை, மீன் என்று எது வீட்டுக்கு ஒத்துவருமோ அதை வையுங்கள். ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி நான்கு என்று மாற்றுவதில் பெரிய லாபம் இல்லை, அதுவும் மாவுதான். நடைக்கு, தினமும் அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகம். காலையில் முடியாவிட்டால் ராத்திரி சாப்பிட்ட பிறகு. தனியாகத் தொடர முடியவில்லை என்றால் போனையே பயன்படுத்தலாம். தென்னிந்தியாவில் 537 ஆண்களிடம் நடத்திய ஆய்வில், நடை, உணவு பற்றிய குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து அனுப்பியதாலேயே இரண்டு வருஷத்தில் நோய் 27 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது.

"ஆண்களிடம்" என்று எழுதும்போது ஒரு ஆதங்கம் வருகிறது. முதல் சென்னை ஆய்வில் 421 ஆண்கள், 110 பெண்கள். குறுஞ்செய்தி ஆய்வில் பெண்களே இல்லை. வேலை செய்யும் இடங்களில் போய் ஆள் எடுத்தால் வீட்டில் இருக்கிற பெண்கள் எப்படி வருவார்கள்? பெண்களுக்கென்றே நடந்த பெரிய முயற்சி, இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் மருத்துவமனைகளில் கர்ப்பகாலச் சர்க்கரை வந்த தாய்மார்களிடம் நடந்தது. பிரசவமாகிச் சில மாதங்களில் தொடங்கி, ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் பின்தொடர்ந்தார்கள். அதில் வாழ்க்கைமுறை வகுப்புகளால் பலன் தெரியவில்லை. கைக்குழந்தையோடு இருப்பவரிடம் தினமும் அரை மணி நேரம் நட என்றால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? அந்த ஆய்வின் முடிவை நான் நடைக்கு எதிரான சாட்சியாகப் படிக்கவில்லை. நேரமே இல்லாத ஒருவருக்கு அறிவுரை மட்டும் போதாது என்றுதான் படிக்கிறேன். உங்கள் மனைவிக்கோ சகோதரிக்கோ கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்திருந்தால், உங்களை விட அவருக்கு ஜி.டி.டி. டெஸ்ட் அவசரம். அவர் நடக்கிற அரை மணி நேரம் குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அம்மா. அதே 5.9-தான், ஆனால் 74 வயதில் அதன் அர்த்தம் வேறு. அமெரிக்காவில் சராசரி வயது 75 உள்ள 3,400 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. எச்பிஏ1சி கணக்கில் ப்ரீ டயபடீஸ் இருந்தவர்களில் சில வருஷங்களில் சர்க்கரை நோய்க்குப் போனவர்கள் 9 சதவீதம். நார்மலுக்குத் திரும்பியவர்கள் 13 சதவீதம். நம் ஊர் முதியவர்களிடம் எண்கள் மாறலாம். ஆனாலும் அந்த வயதில் இதை நோய்க்கு முந்தைய படி என்று பயமுறுத்தத் தேவையில்லை. அவருக்கு இதற்காக மாத்திரை வேண்டாம். சாப்பாட்டை வெட்டுவதும் வேண்டாம். அந்த வயதில் எடை குறைந்தால் தசையும் சேர்ந்து போகும், விழுந்தால் எலும்பு முறியும். பருப்பு, முட்டை, தயிர் கொஞ்சம் கூடட்டும், அவரால் முடிந்த அளவு நடக்கட்டும். அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள், அவர் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். எச்பிஏ1சியை வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். உங்களுக்கு இந்த மாதம் ஜி.டி.டி., அப்புறம் ஆறு மாதம் கழித்து அதே டெஸ்ட், முடிந்தால் அதே லேபில்.